கடைமடைக்கு எட்டாத திருத்தம்

2023 அக்டோபர் 11 அன்று ‘கர்ல்’ என்ற மென்பொருளின் 8.4.0 பதிப்பு வந்தது. சர்வரோடு பேசவும் தரவு வாங்கவும் மற்ற செயலிகள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி இது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் இதை வளர்த்து வருகிறார். கைப்பேசி, விண்டோஸ் கணினி, தொலைக்காட்சி, கார் என எங்கும் இது உண்டு. பேராவூரணி விவசாயி நெல் கொள்முதலுக்குப் பதிவு செய்யும் கைப்பேசியிலும் இருக்கக்கூடும். அன்று அடைக்கப்பட்டது, ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ என்னும் நினைவக ஓட்டை. ஒரே லைப்ரரியை உலகமே நம்பியிருக்கும் வழக்கம் சரிதானா என்று பார்க்க இது நல்ல உரைகல்.

பிழை நேர்ந்தது இப்படி. இடையில் நிற்கும் ஒரு சர்வர் வழியாகத் தளங்களை அடையும் சாக்ஸ்5 ப்ராக்ஸி முறையில் தளத்தின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால், முகவரியைக் கர்லே கண்டுபிடித்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. 2020இல் இந்தப் பகுதியை, பதிலுக்குக் காத்து நிற்காமல் விட்டுவிட்டு இயங்கும்படி மாற்றி எழுதினார் ஸ்டென்பெர்க். ப்ராக்ஸி தாமதித்தால் அந்தப் பகுதியின் செயற்கூறு மீண்டும் அழைக்கப்படும். அப்போது முன்பு எடுத்த முடிவு அழிந்துவிடும். நீண்ட பெயர், அதற்குப் போதாத பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) எழுதப்பட்டு அடுத்த நினைவகத்திலும் ஏறும். கர்ல் எழுதப்பட்ட சி மொழி இதைத் தடுப்பதில்லை. தாக்குதலுக்குப் பல நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் மூன்றரை ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் கிடந்த பிழை இது.

ஒரே லைப்ரரியை எல்லோரும் பகிர்வதன் பலம் இங்கேயே தெரிகிறது. நிரல் திறந்திருந்ததால் வேறொருவர் பிழையைக் கண்டு சொல்ல முடிந்தது. ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை வந்தது. பிழை எப்படி நேர்ந்தது என்பதை ஸ்டென்பெர்க் மறைக்காமல் விரிவாக எழுதினார். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனியாக எழுதியிருந்தால், இதுபோன்ற பிழைகள் பூட்டிய அறைகளில் பெருகியிருக்கும்.

ஆனால் குறைகளும் உண்டு. முதல் குறை மொழி. நினைவகப் பாதுகாப்புள்ள மொழியில் எழுதியிருந்தால் இவ்வகைப் பிழைக்கே இடமிருந்திருக்காது என்று ஸ்டென்பெர்க்கே ஒப்புக்கொண்டார். கர்லை வேறு மொழிக்கு மாற்றும் திட்டம் இல்லை என்றும் சொன்னார். தன் மென்பொருள்களின் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் தெரிவித்தது. பழையதை முழுக்கத் திருத்தி எழுதுவது கடினம்தான். புதிதாகச் சேர்ப்பதையாவது ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதலாம்.

இதைவிடப் பெரிய குறை விநியோகம். கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடையான சேதுபாவாசத்திரம் வயலில் பாய்ந்தால்தான் பாசனம். திருத்தமும் அப்படியே. விண்டோஸுக்கே அது நவம்பர் மாத அப்டேட்டில்தான் வந்தது. தயாரித்தவர் கைவிட்ட மலிவு விலைக் கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் வரவே வராது. இலவசமாகக் கிடைத்த லைப்ரரியை வைத்துப் பொருள் விற்றவர்கள், அதன் பராமரிப்புப் பொறுப்பை ஏற்கவில்லை. பழியை லைப்ரரி எழுதியவர் மீது போடுவது நியாயமல்ல.

ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த லைப்ரரிகள் உள்ளன என்ற பட்டியலைக் கேட்டு வாங்கும்படி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பட்டியலோடு, எத்தனை ஆண்டு அப்டேட் தருவோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியையும் அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்கள் கட்டாயமாக்க வேண்டும். விற்பவரைப் பொறுப்பாக்காத வரை, பகிர்வின் லாபம் அவருக்கும் ஆபத்து வாங்கியவருக்குமாகவே இருக்கும்.