7,500 ரூபாயும் ஒரு மல்லிகை அம்பாரமும்

கேனான் 1500டி வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் 4,000 படங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன். பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று மனசுக்குப் பட்டது ஒன்றுகூட இல்லை. கையில் 7,500 ரூபாய் இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டு 50 மி.மீ. லென்ஸ் வாங்குவதா, சென்னையிலேயே நடக்கும் இரண்டு நாள் ஃபோட்டோகிராஃபி கோர்ஸில் சேர்வதா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, கோர்ஸுக்கே பணம் கட்டினேன்.

தயங்கியதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் 1,500 ரூபாய் கொடுத்து ஒருநாள் மொபைல் ஃபோட்டோகிராஃபி வகுப்புக்குப் போயிருந்தேன். ஏ.சி. ஹாலில் நாற்பது பேர், திரையில் ஸ்லைடு மேல் ஸ்லைடு, சாயங்காலம் ஒரு சான்றிதழ். நாங்கள் எடுத்த படத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்தக் கோர்ஸிலும் சனிக்கிழமை முழுக்க வகுப்பறைதான். அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் ஆசிரியர் தெளிவாகவே சொன்னார். ஆனால் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்திய மார்க் லெவாய், 2016இல் கூகுளில் எடுத்த 18 விரிவுரைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழிலேயே சொல்லித்தரும் யூடியூப் சேனல்களும் உண்டு. போன வாரம்தான் கேமரா வாங்கியிருந்த இரண்டு பேருக்கு மத்தியானத்துக்குள் தலை சுற்றிவிட்டது. மறுநாளும் அவர்கள் ஆட்டோ மோடிலேயேதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கோயம்பேடு பூ மார்க்கெட். எட்டே பேர். டியூப்லைட் வெளிச்சத்தில் உதிரி மல்லி இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதை ஃபிரேம் நிறைய வைத்து எடுத்தேன். திரையில் பார்த்தால் பூ அழுக்குச் சாம்பல் நிறம்! ஆசிரியர் என் கேமராவை வாங்கி, பின்பக்கம் இருக்கும் ஏவி பட்டனை அழுத்திப் பிடித்தபடி டயலைத் திருப்பி பிளஸ் 1இல் வைத்து, "இப்ப எடுங்க" என்றார். பூ வெளுத்தது. மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்து வரத்தான் பார்க்கும். அதனால்தான் மல்லிகை மங்கிப்போகிறது, எருமை வெளுத்துப்போகிறது. இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது விரலுக்கு வந்தது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் கட்டணத்துக்கு உண்மையான ஈடு, மத்தியானம் எங்கள் படங்களை உட்கார்ந்து பார்த்த இரண்டு மணி நேரம். ஆளுக்குப் பத்துப் படம் கொடுத்தோம். பூ கட்டும் அம்மாவை நான் எடுத்த படத்தில் முகம் கலங்கி, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த நார் பளிச்சென்று இருந்தது. ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருந்தேன், அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். பிறகு பத்துப் படங்களையும் ஒரே திரையில் பரப்பி, "பத்துலயும் நீங்க நின்னுக்கிட்டே எடுத்திருக்கீங்க, பாருங்க. அத்தனையும் ஒரே உயரம், ஒரே தூரம்" என்றார். 4,000 படங்களில் நான் காணாதது இது. எந்த வீடியோவும் இதை எனக்குச் சொல்லியிருக்காது, ஏனென்றால் அது என் படங்களைப் பார்ப்பதில்லை.

குறைகளும் உண்டு. இரவுப் படப்பிடிப்பு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், இருபது நிமிட ஸ்லைடோடு அது முடிந்துபோனது. பிரின்ட் போடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லென்ஸா கோர்ஸா என்று குழம்புகிறவர்கள் முதலில் தங்களுக்குப் பிடிக்காத படங்களை எடுத்து வைத்துப் பார்க்கட்டும். வீட்டுக்குள் ஓடும் குழந்தை மங்கலாக விழுகிறதா? லென்ஸ் வாங்குங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கும், ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 1/30 நொடியில் மங்கிய கை 1/250இல் தெளிவாக நிற்கும். எந்த வகுப்பாலும் இதைத் தர முடியாது. படம் தெளிவாக இருந்தும் உயிரில்லாமல் இருக்கிறது என்றால்தான் கோர்ஸ். அதுவும் ஃபோனில் கேட்டுவிட்டு: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், வெளியில் எத்தனை மணி நேரம், எங்கள் படங்களை உட்கார்ந்து பார்ப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். கேமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் இப்போதைக்குப் போகவே வேண்டாம், காட்டுவதற்குத் தப்புகள் சேரட்டும்.

அடுத்த ஞாயிறு தனியாகக் கோயம்பேடு போனேன். அதே அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் விரித்திருந்த சாக்குக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். நாரைச் சுண்டும் இரண்டு விரல்கள், பின்னால் கலங்கலாக மல்லிகை. 12க்கு 18 அங்குலத்தில் இரண்டு பிரின்ட் போட்டேன். ஒன்று எங்கள் ஹாலில் இருக்கிறது. இன்னொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "மூஞ்சிய வுட்டுட்டு கைய எடுத்துக்கிறியே கண்ணு" என்றார். முகத்தையும் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அதே இடத்தில் அடுத்த கட்ட கோர்ஸ் 18,000 ரூபாய். இப்போதைக்குச் சேரப்போவதில்லை. விடிகாலை இருட்டில் அந்த முகத்தை எடுக்க எனக்கு வேண்டியது 50 மி.மீ. லென்ஸ்.