சிலுவையும் நச்சுவாயுக் கவசமும்: ஜோர்ஜ் குரோஸின் அங்கதச் சித்திரம் பற்றிய ஒரு நோக்கு

அங்கதச் சித்திரமொன்று சமயச் சின்னத்தைக் கையாளும்போது, அது அச்சின்னத்தை இழிவுசெய்கின்றதா, அன்றி அதனைத் தமதாக்கிக் கொண்டோரை அம்பலப்படுத்துகின்றதா என்னும் வினா எழுவது இயல்பே. இதனை வரலாற்றுச் சூழலினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. ஜேர்மானிய ஓவியர் ஜோர்ஜ் குரோஸின் சித்திரமொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

ஹாஷெக்கின் நாவலைத் தழுவி 1928இல் எர்வின் பிஸ்காற்றர் பேர்லினில் மேடையேற்றிய 'ஷ்வைக்' நாடகத்துக்கென வரைந்தவற்றுட் சிலவற்றை, அவ்வாண்டிலேயே 'பின்னணி' என்னும் தொகுப்பாக குரோஸ் வெளியிட்டார். அவற்றுளொன்று சிலுவையிலறையப்பட்ட கிறிஸ்துவைக் காட்டுகின்றது. மெலிந்த உடல், முகத்தில் நச்சுவாயுக் கவசம், கால்களிற் படைவீரரின் சப்பாத்துகள், கையிற் சிறு சிலுவை. வாயை மூடிக்கொண்டு தொடர்ந்து சேவகஞ் செய்யுமாறு பணிப்பது அதன் தலைப்பு.

இப்பணிப்பு யாருடையது? கிறிஸ்துவே கூறுகின்றார் எனக் கொள்ளின், அவர் போரின் பிரசாரகராகின்றார். கிறிஸ்துவை நோக்கிக் கூறப்படுவது எனக் கொள்ளின், பதுங்குகுழிகளில் மடிந்த தொழிலாளியினதும் விவசாயியினதும் தோழராகின்றார். இவ்வற இருமையைக் கிறிஸ்துவின் இயல்பிலன்றிச் சமயத்தின் சமூகப் பணியிலேயே நாம் காண்கின்றோம். சமயம் துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கெதிரான முறையீடாகவும் அமைவதை மார்க்ஸ் 1844இலேயே சுட்டியுள்ளார். தொகுப்பின் பிறிதொரு சித்திரத்திற் போதகரொருவரின் வாயினின்றும் ஆயுதங்கள் கொட்டுகின்றன. இரண்டையும் இணைத்து நோக்கின், தாக்கப்படுவது சிலுவையன்று, பிரசங்க மேடையே என்பது தெளிவாகும்.

அரசோ இதனைத் தெய்வநிந்தனை என்றது. 1928 டிசெம்பரில் குரோஸும் பதிப்பாளர் வீலாண்ட் ஹேர்ட்ஸ்பெல்டேயும் தண்டிக்கப்பட்டனர்; 1929இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். 1930இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் விடுதலை கிடைத்தது. 1931இலோ அச்சுத்தகடுகளை அழிக்குமாறு ஆணை பிறந்தது. கலைஞனை விடுவித்துக் கலையைத் தண்டித்த தீர்ப்பு இது!

1929இன் தீர்ப்பு, போரை ஆதரிக்கும் திருச்சபையையே ஓவியர் கண்டிக்கின்றார் என ஏற்றது. அது நேர்மையான முடிவே. எனினும் போரினால் இலாபமடைந்த வர்க்கம் அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை. மறுபுறம், இச்சித்திரத்தை வெறும் சமய எதிர்ப்பாகப் போற்றும் முற்போக்காளரும் உளர். இவர்கள் தம்மையறியாமலே அரச வழக்குரைஞரின் பொருள்கோளை ஏற்றுக்கொள்கின்றனர். கவசத்தினுள் மூச்சுத்திணறும் மனிதனைக் காணத் தவறும் விமர்சனம், எத்துணை தீவிரமானதாயினும், மக்கள் சார்பானதாகாது.