திரைப்படத் தரவரிசையும் பிறர் இரசனையை ஊகித்தலும்

சிறந்த திரைப்படங்கள் பத்தினைத் தேர்ந்து நிரல்படுத்துதல், அந்நிரலைக் கொண்டு அதனைத் தந்தவர் யாரென ஊகித்தல், ஒருவரை அறிந்த நிலையில் அவர் நிரலில் எவை இடம்பெறும் என முன்கூட்டியே உரைத்தல் ஆகியன திரைப்பட ஆர்வலரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழக்கங்கள். இவற்றைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வாளரிடம் உண்டு. ஆயின் இரசனை தனிமனிதருக்கு உரியதா, குழுவுக்கு உரியதா என்னும் திறனாய்வின் அடிப்படை வினா இவ்விளையாட்டில் மறைவின்றி வெளிப்படுகிறது.

இப்பழக்கத்தின் நிறுவன வடிவமாகச் 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் பிரித்தானிய இதழின் வாக்கெடுப்பைக் கொள்ளலாம். 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை இது நடைபெறுகிறது. முதல் வாக்கெடுப்பில் 1948இல் வெளிவந்த 'சைக்கிள் திருடர்கள்' முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அவ்விடத்தில் நிலைத்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ', 2022இல் ஷாந்தால் அகெர்மானின் 'ழான் தீல்மான்' என முதலிடம் கைமாறியது. பெண் இயக்குநர் ஒருவரின் படம் முதலிடம் பெற்றது 2022இல்தான்.

வாக்களிக்கும் முறை இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஒவ்வொருவரும் பத்துப் படங்களைக் குறிப்பிடுவர். அப்பத்தினுள் ஏற்றத்தாழ்வு கணக்கிடப்படுவதில்லை. எனவே எவருக்கும் தலையாய விருப்பமாக இராத ஒரு படம்கூடப் பலருடைய பத்தினுள் அமைந்த காரணத்தால் முதலிடம் எய்தக்கூடும். 2012இல் வாக்களித்த 846 பேருள் 'வெர்டிகோ'வைத் தம் பத்தினுள் வைத்தோர் 191 பேர். ஏனைய 655 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினரினும் மிகுதியானோர், அதனைத் தம் பத்தில் சேர்க்கவில்லை. 'உலகின் தலைசிறந்த படம்' என ஊடகங்கள் முழங்கியது இந்தச் சிறுபான்மை உடன்பாட்டையே.

ஊகித்தலுக்கு வருவோம். பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட நூலில் செய்தித்தாள் போட்டி ஒன்றனை உவமையாகக் காட்டுகிறார். நூறு நிழற்படங்களுள் அழகிய ஆறு முகங்களைத் தேர்தல் வேண்டும். போட்டியாளர் அனைவரின் பொது விருப்பத்தோடு எவர் தேர்வு மிகவும் ஒத்துப்போகிறதோ அவருக்கே பரிசு. இங்குப் போட்டியாளர் தமக்கு அழகெனத் தோன்றும் முகத்தை விடுத்து, பிறர் அழகெனக் கருதக்கூடிய முகத்தையே தேடுவர். பங்குச் சந்தைக்குச் சொல்லப்பட்ட இவ்வுவமை திரைப்பட நிரலுக்கும் பொருந்துகிறது. தம் நிரல் பிறர் பார்வைக்குச் செல்லும் என்று அறிந்தவர் பிறர் மதிப்பையும் எண்ணியே எழுதுகிறார். ஆதலின் நண்பர் ஒருவரின் பத்துப் படங்களை ஊகிக்கையில் சரியாக அமைபவை பெரும்பாலும் அவர் சார்ந்த வட்டத்தின் பொதுச்சொத்தாகிய படங்கள். ஊகம் பிழைக்கும் ஓரிரு இடங்களில்தான் அவருடைய சொந்த இரசனை இருக்கிறது.

இந்தியச் சூழலில் இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. பன்னாட்டுத் திரைப்படத் திறனாய்வாளர் கூட்டமைப்பான ஃபிப்ரெசியின் இந்தியப் பிரிவு 2022இல் தன் உறுப்பினர் 30 பேரிடம் வாக்குப் பெற்று இந்தியாவின் சிறந்த பத்துப் படங்களை அறிவித்தது. 'பதேர் பாஞ்சாலி' முதலிடம் பெற்றது. 'மேகே டாக்கா தாரா', 'புவன் ஷோம்' அடுத்து வந்தன. மலையாளத்தின் 'எலிப்பத்தாயம்', கன்னடத்தின் 'கடஷ்ராத்த' ஆகியன இடம்பெற்றன. தமிழ்ப்படம் ஒன்றும் இல்லை. ஆயின் 2005இல் அமெரிக்காவின் 'டைம்' இதழுக்காக ரிச்சர்டு கார்லிஸ், ரிச்சர்டு ஷிக்கல் என்னும் இருவர் தேர்ந்த நூறு உலகப் படங்களுள் மணிரத்னத்தின் 'நாயகன்' உள்ளது. அந்நிரலில் தர எண்கள் இல்லை. இருவர் இரசனைக்குத் தென்பட்ட ஒன்று முப்பதின்மர் கூட்டுத்தொகையில் மறைந்துபோவதற்குத் தகுதிக் குறைவையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. பல படங்களுக்கு வாக்குச் சிதறும் மொழி எண்ணிக்கையில் தோற்கும். ஒரே படத்தில் குவியும் மொழி வெல்லும். தமிழ்த் திரையாய்வாளர் இப்பட்டியலை முன்வைத்து வருந்துவதினும், தமக்குள் எவ்வொரு படத்தில் உடன்பாடு உண்டு என வினவுதல் பயனுடையது. அவ்வினாவுக்கு விடை எளிதன்று.

தொகுத்தல் வேறு, தரவரிசை வேறு என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். அகநானூற்றுப் பாடல்கள் திணை நோக்கி எண்முறையில் வைக்கப்பட்டன: ஒற்றைப்படை எண்கள் பாலை, நான்கில் முடிவன முல்லை, பத்தின் மடங்குகள் நெய்தல் என. குறுந்தொகைக்கு அடியளவே வரையறை. எந்தப் பாடல் சிறந்தது என்று தொகுத்தோர் எண்ணிடவில்லை. மேலும், இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலரை அவர்தம் பாடலில் வரும் அரிய தொடராலேயே தொகுத்தோர் சுட்டினர். செம்புலப்பெயல்நீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். திரைப்பட ஆர்வலர் வட்டங்களிலும், அனைவர் பட்டியலிலும் உள்ள ஒன்பது படங்களால் எவரும் அடையாளம் பெறுவதில்லை. வேறெவரும் குறிப்பிடாத பத்தாவது படத்தைக் கொண்டே 'இது இன்னார் பட்டியல்' என்று கண்டுகொள்கின்றனர்.