ஒப்புமை நகரம் இல்லாத சிங்கப்பூர்: ஒரு முறையின் வலிமையும் வரம்பும்

ஒரு நகரத்தின் வருங்கால வெப்பத்தைப் பொதுமக்களுக்கு உணர்த்த அறிவியலாளர் கையாளும் முறைகளுள் பருவநிலை ஒப்புமை முறை விரைவில் பரவிய ஒன்றாகும். சில பத்தாண்டுகளுக்குப் பின் அந்நகரத்தில் நிலவக்கூடிய வெப்பம், மழை, பருவ வேறுபாடு ஆகியவற்றைக் கணினி மாதிரிகளின் துணையால் மதிப்பிட்டு, ஏறத்தாழ அதே நிலை இன்றே நிலவுகின்ற மற்றொரு நகரத்தைத் தேடி எடுத்து, அதனை முதல் நகரத்தின் எதிர்காலத்திற்குச் சான்றாக நிறுத்துவதே இம்முறையின் சாரம். சூரிக்கிலுள்ள ஈ.டி.எச் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 520 பெருநகரங்களை இவ்வாறு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 2050இல் லண்டன் இன்றைய பார்சலோனாவையும், மாட்ரிட் இன்றைய மராக்கேஷையும் நெருங்கும். ஆனால் ஏறத்தாழ 22 விழுக்காட்டு நகரங்கள் இன்று எந்தப் பெருநகரத்திலும் இல்லாத நிலைக்குச் செல்லும் என்றும் அவ்வாய்வு கணித்தது. கோலாலம்பூர், ஜகார்த்தா ஆகியவற்றோடு சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ஒப்புமை கிடைக்காத இத்தகைய நகரத்தில் வைத்துச் சோதிக்கும்போதுதான் இம்முறையின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படுகின்றன.

இம்முறையின் முதல் வலிமை, சராசரி என்னும் வெற்று எண்ணுக்கு அது பொருள் கொடுப்பதாகும். சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் 2024 ஜனவரியில் வெளியிட்ட மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும் என்கிறது. காலைக்கும் நண்பகலுக்கும் இடையே ஏழெட்டு டிகிரி ஏற்றத்தை நாள்தோறும் காண்பவருக்கு இரண்டு டிகிரி உயர்வு அற்பமாகவே தோன்றும். அறிந்த ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னால் அந்த உயர்வு உணரத்தக்கதாகிவிடுகிறது. இரண்டாவது வலிமை நடைமுறை சார்ந்தது. பாரிஸ் போன்ற நகரங்களுக்கு ஒப்புமை தேடிய 2007ஆம் ஆண்டு ஆய்வொன்று, இன்று எழுப்பப்படும் கட்டடம் தன் ஆயுட்காலத்திற்குள் இருவேறு பருவநிலைகளைச் சந்திக்க நேரும் என்பதைப் புலப்படுத்தியது. சன்னலின் அளவையும் சுவரின் கனத்தையும் முடிவுசெய்பவர், தெற்கேயுள்ள நகரங்கள் வெப்பத்தை எவ்வாறு தாங்கிப் பழகியுள்ளன என்பதை நேரில் சென்று கற்கவும் இம்முறை வழிசெய்கிறது.

இவ்வலிமைகள் இரண்டும் நிலநடுக்கோட்டை அணுகும்போது தளர்ந்துவிடுகின்றன. சிங்கப்பூரின் மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் மிக வெப்பமான மாதத்திற்கும் இடையிலான சராசரி வேறுபாடு இரண்டு டிகிரிக்கும் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் மாறுபாடும் சிறிது. ஐரோப்பிய நகரமொன்றில் வழக்கமான ஏற்ற இறக்கத்திற்குள் அடங்கிவிடும் ஒன்றரை டிகிரி உயர்வு, சிங்கப்பூரை அதன் பழைய எல்லைக்கு வெளியே தள்ளிவிடப் போதுமானது. மேலும், லண்டனைவிட வெப்பமான நகரங்கள் தெற்கே வரிசையாக உள்ளன. வெப்பமும் ஈரமும் ஒருங்கே மிக்க நகரங்களின் வரிசையிலோ சிங்கப்பூர் ஏற்கெனவே உச்சியை ஒட்டி நிற்கிறது. அதனைவிட வெப்பமான நகரங்கள் பெரும்பாலும் வறண்டவையாகவோ பருவ வேறுபாடு மிக்கவையாகவோ இருப்பதால், முழுமையான ஒப்புமை கிட்டுவதில்லை.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் நிற்கும் தமிழருக்கு, சிங்கப்பூர் நாளை சென்னையாகுமா என்ற கேள்வி இயல்பாக எழக்கூடியதே. ஆண்டுச் சராசரியை மட்டும் நோக்கினால் இரு நகரங்களும் ஏற்கெனவே அருகருகே உள்ளன: 2016, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிங்கப்பூரின் சராசரி 28.4 டிகிரியை எட்டியது; சென்னையின் சராசரியும் 28, 29 டிகிரியை ஒட்டியதே. ஆனால் அந்தச் சராசரி உருவாகும் விதம் முற்றிலும் வேறு. சென்னையில் மார்கழிக் குளிரும் கத்திரி வெயிலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. 2003 மே மாத இறுதியில் அங்கு 45 டிகிரி பதிவானது. சிங்கப்பூரில் பதிவான உச்ச அளவோ 37 டிகிரிதான். 1983இல் தெங்காவிலும் 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அது பதிவானது. சிங்கப்பூரின் இடர், உச்சத்தைக் காட்டிலும் ஓய்வின்மையில் உள்ளது: வியர்வை உலராத ஈரக் காற்றும் உடல் தணிய இடம் தராத இரவுகளும் ஆண்டு முழுவதும் தொடர்கின்றன.

இக்காரணத்தால்தான் சிங்கப்பூரின் வெப்ப அறிவுரைகள், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலையை அடிப்படையாகக் கொள்கின்றன. இந்த அளவீடு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்கு ஒருமுறை குறைந்தது பத்து நிமிட ஓய்வு தரவேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது. புதிதாக வரும் ஊழியரைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் கூடும் தமிழக ஊழியர்கள் வெயிலறியாதவர்கள் அல்லர். ஆயினும் ஓரிடத்து வெப்பத்தைத் தாங்கிய பழக்கம் மற்றோரிடத்தில் அப்படியே காப்பாகிவிடாது. நகரப் பெயரை மட்டும் பொருத்தும் ஒப்புமையில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

ஒரு நகரத்தை ஒரே புள்ளியாகக் கொள்வது இம்முறையின் மற்றொரு குறை. கட்டடங்களும் தார்ச்சாலைகளும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளியிடுவதால் நகரப் பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் நிலை நகர வெப்பத்தீவு எனப்படும். சிங்கப்பூரில் நெருக்கமான கட்டடப் பகுதிக்கும் பசுமையான ஊர்ப்புறத்திற்கும் இடையே இரவில் ஏழு டிகிரி வரை வேறுபாடு அளக்கப்பட்டுள்ளது. 1989இல் மரபுடைமைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில், முன்புறத்துக் கூரையிட்ட நடையான ஐந்தடிப் பாதை வெயிலையும் மழையையும் ஒருங்கே தடுக்கிறது. பின்சந்துகளிலோ குளிரூட்டிகள் வெப்பத்தை உமிழ்கின்றன. ஒரே கடைவீட்டின் முன்புறமும் பின்புறமும் இவ்வாறு வேறுபடும்போது, முழு நகரத்திற்கும் ஓர் அயல்நகரை முன்னிறுத்துவது திட்டமிடுவோருக்கு அதிகம் உதவாது.

ஆகவே ஒப்புமையைக் கைவிடுவதைக் காட்டிலும் அதன் எல்லையைச் சுருக்குவதே தக்கது. அயல்நகரத்திற்குப் பதிலாக, 2016, 2024 போன்ற மிகு வெப்ப ஆண்டுகளில் மருத்துவமனைகளும் மின்தேவையும் வேலைத்தளங்களும் எவ்வாறு பாதிக்கப்பட்டன என்று ஆராய்வது காலவழி ஒப்புமை. ஊர்ப்புறமான லிம் சூ காங்கின் இரவோடு கட்டடம் நெருங்கிய ஆர்ச்சர்ட் சாலையின் இரவை ஒப்பிடுவது உள்நகர் ஒப்புமை. இவ்விரண்டும் அதே மக்களையும் அதே ஈரக் காற்றையும் அதே கட்டட வழக்கத்தையும் கொண்டிருப்பதால் நம்பகமானவை. சென்னையிடமும் ஒரு தனிக் கேள்விக்கு மட்டும், கூரைக்குச் சுண்ணாம்பு பூசுதல் போன்ற வழக்கத்தின் பயனுக்கு, விடை கேட்கலாம்.

எவ்வகை ஒப்புமையானாலும், ஒற்றை விடையின் உறுதியைக் கண்டு மயங்கலாகாது. சிங்கப்பூரில் 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் கடந்த சில பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 21 ஆக இருந்தன. நூற்றாண்டு இறுதியில் அவை 41 ஆகவும் இருக்கலாம், 351 ஆகவும் இருக்கலாம் என்பது மூன்றாம் தேசிய ஆய்வின் மதிப்பீடு. உலகம் வெளியிடப்போகும் கரியமில வாயுவின் அளவே இவ்விரு எண்களுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானிக்கும். அத்தூரத்தை எந்த ஒற்றை நகரத்தின் பெயராலும் சொல்லிவிட முடியாது. அதனைச் சொல்லத் தவறும் ஒப்புமை, சிங்கப்பூரைப் பொறுத்தவரை அரை உண்மையே.