இயந்திரத்தின் பிழையும் ஆடியவரின் குற்றமும்

ஆம்பூர் டேனரிகளில் பதனிட்டு முடித்த தோலை அளவு மெஷினில் விடுவார்கள். மறுபக்கம் வந்ததும் உட்புறத்தில் எண் விழும். பெரிய எண் சதுர அடி. அதன் தோளில் ஒட்டி நிற்கும் சின்ன எண் கால் பங்குகளின் கணக்கு. பன்னிரண்டின் மேல் மூன்று என்றால் பன்னிரண்டே முக்கால். மெஷின் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்தும் வாங்குபவர் வாய் திறக்காமல் சரக்கை ஏற்றினால், அதை இந்தத் தொழிலில் யாரும் சாமர்த்தியம் என்று சொல்வதில்லை. சூதாட்ட இயந்திரத்தின் பிழையைக் கண்டுகொண்டு வெல்பவரையும் இதே கோலால் அளக்கலாமா? அளக்க முடியாது என்பது என் முடிவு. ஆனால் எதிர்வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல.

உலகம் அறிந்த இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்வோம். 2009இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ‘கேம் கிங்’ என்ற வீடியோ போக்கர் இயந்திரத்தில் ஒருவர் ஒரு பிழையைக் கண்டார். சிறு தொகைக்கு வென்ற ஆட்டத்தை, பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்திப் பெரிய தொகைக்கு வென்றதாக மாற்றிப் பணம் பெற முடிந்தது. அவரும் நண்பரும் கணினி ஊடுருவலைத் தடுக்கும் சட்டத்தில் சிக்கினார்கள். அவர்கள் இயந்திரத்தைத் திறக்கவில்லை, எதையும் உள்ளே செருகவில்லை. ஆடுபவருக்கென்று வைத்த பொத்தான்களைத்தான் அழுத்தினார்கள். 2013இல் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. விளைவு சரி. ஆனால் இழந்தவரின் கோபத்துக்கு ஏற்ற சட்டத்தைத் தேடிப் பொருத்திய முறை பிழை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளையும் நாளை அப்படி வளைக்க முடியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, தொழில்முறைச் சூதாட்டக்காரர் ஃபில் ஐவியின் வழக்கு. 2012இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் அவர் வென்றது சுமார் 77 லட்சம் பவுண்டு. சீட்டுகளின் பின்புற வடிவம் ஓரங்களில் ஒரே மாதிரி வெட்டப்படவில்லை. ராசி என்று காரணம் சொல்லி, சில சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி சீட்டுப் போடும் பணியாளரை அவருடைய கூட்டாளி கேட்டுக்கொண்டார். விடுதி பணம் தர மறுத்தது. 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விடுதி பக்கம் நின்றது. ஐவி தன்னை ஏமாற்றுக்காரராக நினைத்தாரா என்பதை அது உரைகல்லாக வைக்கவில்லை. அவர் என்ன செய்தார் என்பதை வைத்தது. அந்தத் தீர்ப்பின் பலம் இதுதான். ஓரத்தைக் கவனித்தது மட்டும் அவர் குற்றம் அல்ல. விவரம் அறியாத பணியாளரின் கையால் சீட்டுக்கட்டைத் தனக்கு ஏற்றபடி அடுக்கச் செய்தார். அதே சமயம், கண்ணில் பட்ட பிழையை வைத்து வெறுமனே பந்தயம் கட்டுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற எல்லைக்கோட்டை அத்தீர்ப்பு அழுத்தமாக இழுக்கவில்லை. அது ஒரு குறையே.

இனி எதிர்வாதம். ஏடிஎம் நூறுக்குப் பதில் ஐந்நூறைத் தள்ளினால், கூடுதல் பணம் வங்கியுடையது என்று தெரிந்தே எடுத்துப்போவது தவறுதானே? தவறுதான். ஆனால் ஏடிஎம்மும் தோல் அளக்கும் மெஷினும் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவை; இருவரும் அவற்றை நம்பிக் கணக்கை ஒப்படைக்கிறார்கள். சூதாட்ட இயந்திரம் நடுவில் நிற்பதில்லை, எதிராளியாக உட்கார்ந்திருக்கிறது. முடிந்தால் என்னை வெல் என்பதே அதன் அழைப்பு. அதன் விதிகளை எழுதியவர், வெல்லும் விகிதத்தை நிர்ணயித்தவர், சோதித்துப் பார்க்கக் காலமும் கருவியும் உள்ளவர் எல்லாம் ஒரே தரப்பு. அத்தரப்பின் கவனக்குறைவுக்கு ஆடியவரைச் சிறைக்கு அனுப்புவது நியாயத்தின் தராசைச் சாய்ப்பதாகும். ஏமாற்றுதல் என்ற குற்றத்தின் இலக்கணமும் இங்கே பொருந்துவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றப்பட்ட ஒரு நபரைக் கேட்கிறது. ஐவி வழக்கில் அந்த நபர் இருந்தார். நெவாடாவில் இருந்தது இயந்திரம் மட்டுமே.

நம் நாட்டுத் தீர்ப்புகளில் 1995இன் எம்.ஜே. சிவானி வழக்கு தனித்துப் படிக்க வேண்டியது. வீடியோ விளையாட்டுக் கூடங்கள் பற்றிய அவ்வழக்கில், இயந்திரத்தைத் திருத்திவைத்தால் திறமை விளையாட்டும் அதிர்ஷ்ட விளையாட்டாகிவிடும் என்பதை உச்ச நீதிமன்றம் கணக்கில் கொண்டது. திறமையா அதிர்ஷ்டமா என்று விளையாட்டின் பெயரைப் பார்த்து வாதாடும் மரபில், இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்த பார்வை அது. எனினும் கேள்வி உரிமத்தோடும் கட்டுப்பாட்டோடும் நின்றுவிட்டது. திருத்திவைத்தவர் ஆடியவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எழவே இல்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அந்தக் கேள்விதான் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. ஆனால் கேரள லாட்டரியின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து ‘மூணு நம்பர்’ துண்டுச்சீட்டில் நடக்கிறது. காட்டன் சூதாட்டமும் நடக்கிறது. நியூயார்க் பருத்தி விலை பம்பாய்க்குத் தந்தியில் வந்த காலத்தில் அந்த எண்கள் மீது கட்டிய பந்தயத்தின் மிச்சம் அந்தப் பெயர். பணம் வாங்குபவரே எண்ணையும் அறிவிக்கும் ஆட்டத்தில் பிழை எப்போதும் நடத்துபவரின் கையில்தான் இருக்கும். மூணு நம்பரில் எண் வெளியிலிருந்து வருகிறது. ஆனாலும் வென்றவருக்கு ஏஜென்ட் கைவிரித்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை. ஷூ கம்பெனிக் கூலியைக் கட்டி இழந்தவர், பிடிபட்டால் குற்றவாளியாகவும் ஆகிறார்.

ஆடுபவரைக் குற்றவாளி ஆக்குகிறதா என்ற அளவுகோலில் இரண்டு சட்டங்களை ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் 2022 இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் நோக்கத்தில் உயர்ந்தது. ஆனால் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் வைத்தது அதன் ஊனம். ஒன்றியத்தின் 2025 இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தடுக்கிறது. திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையே நீதிமன்றங்கள் பல்லாண்டு பேணிய வேறுபாட்டை அது தூக்கி எறிந்தது சொல்லப்பட வேண்டிய குறை. ஆனால் ஆடுபவரைத் தண்டிக்காமல் நடத்துபவரைக் குறிவைத்ததில் அது தெளிவானது. அந்த ஒரு புள்ளியில் பின்னது மேல்.

ஆகவே என் தீர்ப்பு இது: இயந்திரத்தைத் திறந்தவரும், உள்ளாளைச் சேர்த்துக்கொண்டவரும், பணியாளரை ஏமாற்றிக் காரியம் சாதித்தவரும் குற்றவாளிகள். தனக்குத் தந்த பொத்தான்களை மட்டும் அழுத்தி வென்றவர் குற்றவாளி அல்லர். சூதாட்டத்துக்கு உரிமம் உள்ள இடத்தில் நடத்துபவர் பணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்டுப் பார்க்கட்டும். காவல் நிலையத்தில் அல்ல.