பதக்கம் கிடைத்தது, காப்புரிமை இல்லை

ஒசாகாவில் 2025 உலகக் கண்காட்சி நடந்ததையொட்டி, ஜப்பானை நவீனமாக்கியதே மெய்ஜி காலத் தொழிற்கண்காட்சிகள்தான் என்ற பழைய பாராட்டு மறுபடி கிளம்பியிருக்கிறது. 1877-இல் டோக்கியோவின் உவேனோ பூங்காவில் தொடங்கி 1903-இல் ஒசாகாவில் முடிந்த ஐந்து தேசியக் கண்காட்சிகளைத்தான் சொல்கிறார்கள்.

பாராட்டில் உண்மை உண்டு. சத்சுமா சாமுராய்களின் கலகம் நடந்துகொண்டிருந்தபோதும் உள்துறை அமைச்சர் ஒகுபோ தோஷிமிச்சி முதல் கண்காட்சியைத் தள்ளிப்போடவில்லை. பொருள்களை வகைபிரித்து, நடுவர்களை வைத்து மதிப்பிட்டார்கள். தன் சரக்கு அடுத்த ஊர்ச் சரக்குக்கு முன் எப்படி நிற்கிறது என்பது உற்பத்தியாளனுக்குத் தெரிந்தது.

ஆனால் அங்கே பொருளைக் கொண்டுவந்து வைத்தவன் கதி? இதை யாரும் கேட்பதில்லை. முதல் கண்காட்சியில் உயர்ந்த பரிசு பெற்றது காவுன் தோகிமுனே என்ற முன்னாள் பௌத்தத் துறவியின் நூற்பு இயந்திரம். தகரக் குழாயில் பஞ்சை அடைத்துச் சுழலவிட்டால் மேலே நூல் இழுபடும். முறுக்கு ஏறினால் குழாய் தானே தூக்கப்பட்டுச் சுழற்சி நிற்கும். நூல் மெலிந்ததும் கீழே இறங்கி மறுபடி சுழலும். கடகடவென்ற சத்தத்தால் அதற்கு ‘காராபோ’ என்றே பெயர் வந்தது. ஜெர்மானிய நிபுணர் வாக்னர் அதை மெச்சினார்.

எளிய அமைப்பு; நின்று பார்த்த தச்சன் ஊருக்குப் போய்ச் செய்துவிடலாம். செய்தார்கள். 1871-இல் வந்த காப்புரிமை விதி மறு ஆண்டே நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்த சட்டம் வர 1885 ஆயிற்று. இடையில், நான்கரை லட்சம் பேர் வந்துபோன கூடத்தில் கண்டுபிடிப்பைத் திறந்து வைக்கச் சொன்னது அரசு. மிகாவா வட்டாரத்தில் ஆற்றுப் படகுகளில்கூட நீர்ச்சக்கரம் பூட்டி காராபோவை ஓட்டினார்கள். காவுனோ வறுமையில் உழன்றார்.

நகல் பரவியதால் நாடு வளர்ந்ததே என்பார்கள். வளர்ந்தது, கணக்கை ஒருவன் தலையில் கட்டிவிட்டு வளர்ந்தது. காட்சிக்கு வைக்கத் தெரிந்த அரசுக்கு, வைத்தவனைக் காக்கத் தோன்றவில்லை. கவனக்குறைவு என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பார்த்துப் பழகிச் செய்யட்டும் என்பதே ஏற்பாட்டின் நோக்கம். கண்டுபிடித்தவனின் நஷ்டம் அதற்குள்ளேயே இருந்தது. வளர்ச்சியின் அடுத்த படியிலும் அவன் இயந்திரத்துக்கு இடமில்லை: 1883-இல் ஓடத் தொடங்கிய ஒசாகா நூற்பாலை 10,500 கதிர்களுடன் பிரிட்டிஷ் இயந்திரங்களை நம்பியே எழுந்தது. பரிசு பெற்ற உள்நாட்டு இயந்திரத்தை அங்கே ஏறிட்டும் பார்க்கவில்லை.

1882-இல் காவுனுக்கு அரசு நீலப்பட்டைப் பதக்கம் ஒன்றையும் அளித்தது.