அலுமினியம் வெளுக்கும் அழகு

மயிலாப்பூர் வீட்டு வாசலில் பழைய பிரீமியர் பத்மினி காரைப் பிரித்துச் சேர்ப்பவர்களுக்கு ஒரு தனி இன்பம் உண்டு: சிலிண்டர் ஹெட்டைக் கழுவுவது. அந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்தால், பல வருடத்துப் பிசுக்கு கரும்பழுப்பாக வழியும். அடியிலிருந்து வெள்ளிச் சாம்பல் நிறம் மெல்லத் தெளியும். ஒட்டிய கேஸ்கெட்டை மூங்கில் சிம்பால் சுரண்டுவதே முறை. இரும்புக் கத்தி போடும் கோட்டின் வழியே பின்னால் கம்ப்ரஷன் கசியும். காஸ்டிக் சோடா கூடவே கூடாது. இரும்பை விட்டுவிடும் அது, அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும்.

அழுக்கு போனால்தான் விரிசல் இருக்கிறதா என்றே தெரியும். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் வேறு ஹெட் தேடுமுன், இருப்பதைப் பொறுமையாகக் கழுவிப் பாருங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம்.